பிணவறையின் சாவி

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிச் சாவு என்றால், துக்கம் கேட்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: “அறுத்துட்டாங்களா?” இல்லை என்று பதில் வந்தால் ஒரு பெருமூச்சு. “நல்ல வேளை, முழுசா வந்து சேந்தாரு.” ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, “கேஸ் ஆயிடுச்சா?” எதனால் செத்தார் என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்து காணாமல் போய்விடுகிறது. அது காணாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

பிரேதப் பரிசோதனை இரண்டு வகை என்று மருத்துவப் பாடப் புத்தகம் சொல்கிறது. ஒன்று போலீஸ் கேட்டு நடப்பது. மற்றது, தான் பார்த்த நோயாளி ஏன் செத்தார், தன் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள மருத்துவரே குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டுச் செய்வது. இதில் போலீஸ் கிடையாது, கேஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. உலகம் முழுக்கக் குறைந்துகொண்டே வருவது இந்த இரண்டாம் வகை. நம் ஊரில் அது குறைந்துகூடப் போகவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே மக்களுக்குத் தெரியாது. படித்தவன், பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கும் நாற்பது வயசு வரைக்கும் தெரியாது.

தெரிய வந்த விதத்தைச் சொல்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். மூன்றாம் நாள் விடியற்காலை இறந்துபோனார். 46 வயது. சான்றிதழில் இறப்பின் காரணம் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்றிருந்தது. அதாவது இதயமும் மூச்சும் நின்றன. எல்லாச் சாவிலும் நிற்பதுதானே அது? சாவுக்குக் காரணம் சாவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா விடவில்லை. “மூச்சு நின்னுபோச்சுன்னு எனக்கே தெரியுதே சார், ஏன் நின்னுச்சு?” டாக்டர் சொன்னார்: “அது தெரியணும்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்மா. போலீஸ் வருவாங்க. பாடி நாளைக்கி சாயந்தரம்தான் கெடைக்கும்.” அக்கா என் முகத்தைப் பார்த்தாள். வெளியே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஊரில் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான், “வேண்டாம் சார்” என்றேன்.

போலீஸ் வந்திருக்க வேண்டியதில்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்த டாக்டர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அவர் படித்த காலத்தில் பார்த்த பிரேதப் பரிசோதனைகள் எல்லாம் தடயவியல் துறையில், காக்கிச் சட்டை வாசலில் நிற்க நடந்தவையாகத்தான் இருக்கும். போஸ்ட்மார்ட்டம் என்ற சொல்லுக்குள் போலீஸ் எப்படி இவ்வளவு அழுத்தமாக வந்து உட்கார்ந்தது என்பதுதான் நான் துருவ விரும்புவது.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. மொர்காக்னி என்ற இத்தாலியர் 1761இல் சுமார் 700 உடல்களைத் திறந்து பார்த்த அனுபவத்தை நூலாக்கினார். நோய் என்பது உடம்பு முழுக்க ஓடும் ஏதோ ஒரு கெட்ட நீர் அல்ல, அதற்கு உறுப்புகளில் இருப்பிடம் உண்டு என்பது அதன் சாரம். அப்புறம் பாரிஸில் பிஷா, வியன்னாவில் ரோகிடான்ஸ்கி. ரோகிடான்ஸ்கி மட்டும் 30,000 உடல்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதே வியன்னா ஆஸ்பத்திரியில் 1847இல், பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டு இறந்துபோன நண்பர் ஒருவரின் பரிசோதனை அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ், பிரசவ வார்டில் ஜன்னி கண்டு சாகிற பெண்களின் உடலில் இருப்பதே அங்கேயும் இருப்பதைக் கண்டார். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்குப் போகிற மருத்துவர்களின் கைதான் எமன் என்று புரிந்தது. கையைக் கழுவச் சொன்னதற்காக அவர் பட்ட பாடு தனிக்கதை. செத்தவர்களிடம் கேட்டால் உயிரோடு இருக்கிறவர்கள் பிழைப்பார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அந்த உடல்கள் யாருடையவை? தர்ம ஆஸ்பத்திரியில் செத்த ஏழைகளுடையவை. பிரிட்டனில் 1828இல் எடின்பரோவில் ஆட்களைக் கொன்று உடற்கூறு வகுப்புக்குப் பிணம் விற்ற இருவர் பிடிபட்டார்கள். அதற்குப் பின் 1832இல் வந்த சட்டம், அநாதை விடுதிகளில் கேட்பாரற்றுச் சாகிறவர்களின் உடல்களை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வழி செய்தது. கொலைக்குப் பதில் ஏழ்மை. பிணம் தொடர்ந்து கிடைத்தது. நம்முடைய 1951ஆம் ஆண்டுச் சென்னை உடற்கூறுச் சட்டமும் இந்த மரபின் பிள்ளைதான். கிரிவலப் பாதையில் காவி கட்டிக்கொண்டு படுத்திருந்து ஒருநாள் காலை எழாமல் போகிறவருக்கு அந்தச் சட்டத்தில் பெயர் கிடையாது, ‘உரிமை கோரப்படாத உடல்’ என்ற வகை மட்டும்தான்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு முரணை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த மலையைச் சுற்றி இருக்கிற சமாதிகளில் உடல்களை எரிக்கவில்லை; உட்கார வைத்து விபூதி, கற்பூரம், உப்பு இட்டுப் புதைத்திருக்கிறார்கள். ரமணரின் இடது கையில் வந்த கட்டியை 1949இல் நான்கு முறை அறுத்தார்கள். அது சார்க்கோமா என்கிற புற்று என்பது சதையைச் சோதித்துத் தெரிந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் இறந்தார், மறுநாள் சமாதி. உயிரோடு இருக்கும்போது உடலைக் கத்திக்கும் நுண்ணோக்கிக்கும் கொடுத்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. செத்தபின் உடல் முழுசாக இருக்க வேண்டும். ஞானியின் உடலுக்கு மட்டுமல்ல, திண்ணையில் பெருமூச்சு விடுகிறவருக்கும் அதே ஆசைதான். முழுசாக இருப்பது மரியாதை. அறுபடுவது யாருமற்றவனுக்கு நேர்வது, தப்புப் பண்ணினவனுக்கு நேர்வது, தூக்கு மாட்டிக்கொண்டவனுக்கு நேர்வது.

இந்த எண்ணத்தை ‘மூடநம்பிக்கை’ என்று தள்ளிவிடுவது எளிது. நம் பகுத்தறிவு நண்பர்கள் அப்படித்தான் தள்ளுவார்கள். ஆனால் இந்தப் பயத்தில் மதத்தின் பங்கைவிடச் சட்டத்தின் பங்கு பெரிது என்பது என் எண்ணம்.

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கியது. 1850இல் அது மருத்துவக் கல்லூரி ஆனது. கல்கத்தாவில் 1836இல் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று சொல்வார்கள். முழங்கியதோ இல்லையோ, முழங்கியதாகச் சொல்லிக்கொள்ள ஒரு வர்க்கத்துக்குத் தேவை இருந்தது. உயர்சாதிக்காரர் ஒருவர் பிணத்தைத் தொட்டதுதான் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் ஊர் ஊராகப் பிணத்தைத் தொட்டுத் தூக்கி, குழி வெட்டி, எலும்பு பொறுக்கிக் கொடுத்த வெட்டியானுக்கு எந்தக் கோட்டையிலும் வெடி போட்டதில்லை. நவீன மருத்துவம் பிணத்தின் தீட்டைப் போக்கியது என்று பாடப் புத்தகம் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீட்டு பிணவறைக்குள் இடம் மாறியது, அவ்வளவுதான்.

வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிணவறை ஊழியர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பணிப் பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர். “டாக்டர் தொட மாட்டாரு சார். அதோ அந்த ஜன்னலாண்ட நிப்பாரு. நான் மண்டைய ஒடைப்பேன், வயித்தக் கிழிப்பேன், ஈரல எடுத்துக் காட்டுவேன். ‘எப்பிடிப்பா இருக்கு?’ம்பாரு. நான் சொல்லுவேன், அவரு எழுதுவாரு. முப்பது வருசம் எழுதுனது எல்லாம் என் வாயிதான்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “குடிக்காம உள்ள போவ முடியாது. குடிச்சா, குடிகாரன் அறுத்தான்னு பேரு.” பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டியவர் மருத்துவர். சட்டம் சொல்வது அது. பல இடங்களில் நடந்துவந்தது இது. தலைமுறை தலைமுறையாகத் தலித்துகள் தலையில் கட்டிய வேலை, சம்பளப் பட்டியலில் வேறு பெயரோடு தொடர்ந்தது. எந்த மருத்துவர் தன் கையால் தொடக் கூசுகிறாரோ, அவர் எப்படிக் குடும்பத்தாரிடம் போய், “உங்கள் அப்பாவின் உடலைத் திறந்து பார்க்க அனுமதி கொடுங்கள், அதில் நான் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று கேட்பார்? ஐரோப்பாவில் பேராசிரியரின் அறையாக இருந்த பிணவறை, இங்கே ஆஸ்பத்திரியின் கொல்லைப்புறத்தில் தகரக் கதவு போட்ட இடமாக ஆனதற்குச் சாதி ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 174. எண்ணைச் சொன்னாலே இயக்கத் தோழர்களுக்குத் தெரியும். சந்தேகச் சாவில் போலீஸ் பிண விசாரணை நடத்தி, பஞ்சாயத்தார் கையெழுத்து வாங்கி, தேவைப்பட்டால் உடலை அரசு மருத்துவரிடம் அனுப்பும் பிரிவு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 174, 1973இலும் அதே 174. 2024 ஜூலை 1 முதல் பெயர் மாறி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் பாதை மாறவில்லை. உடலை அனுப்புவது ஸ்டேஷன், அறிக்கை போய்ச் சேருவதும் ஸ்டேஷன். பெற்றவளோ கட்டினவளோ இந்தப் பாதையில் எங்கும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. சில இடங்களில் அந்தத் துணியையும் அவர்களே வாங்கித் தர வேண்டும். உடலின் உண்மையை வெளியில் எடுத்து, உடலுக்கு உரியவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொல்லும் ஒரு ஏற்பாடு இது.

நாங்கள் ஒரு காலத்தில் இதை வேறு மாதிரி படித்தோம். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் வழியாக ஃபூக்கோ வந்தபோது, மருத்துவமனையின் பிறப்பைப் பற்றிய அவருடைய 1963ஆம் ஆண்டு நூலை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, பிணத்தைத் திறக்கும் பார்வைதான் நவீன அதிகாரத்தின் பார்வை என்று டீக்கடையில் பேசித் தீர்த்தோம். பேசினதில் தப்பில்லை. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. கத்தியே அதிகாரம் என்று சொல்லிவிட்டால், கத்தி யார் கையில் இருக்கிறது, அது கண்டதை யாருக்குச் சொல்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. திண்ணையில் கேட்ட பெருமூச்சும் எங்கள் கோட்பாடும் ஒரே இடத்தில் போய் நின்றன: அறுக்காமல் விட்டால் நல்லது.

2015 அதைக் கலைத்துப்போட்டது. ஏப்ரல் 7 விடியற்காலை, சித்தூர் மாவட்டம் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டினார்கள் என்று ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்கள், படவேடு, கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். திருப்பதியில் பிரேதப் பரிசோதனை முடித்து உடல்களை அனுப்பிவைத்தார்கள். சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும். முடியவில்லை. எங்கள் மாவட்டத்துக் குடும்பங்கள் சில, எரிக்க மாட்டோம், மறுபடியும் அறுத்துப் பாருங்கள் என்றன. சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். உடல்களைப் பாதுகாத்து வைக்க உத்தரவு வந்தது. ஆறு உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருந்தன. அப்புறம் ஹைதராபாத் உயர்நீதிமன்றம் மறுபரிசோதனைக்கு ஆணையிட்டு, அங்கிருந்து மருத்துவர்கள் இங்கே வந்து அந்த மாதமே செய்தார்கள்.

அந்த நாட்களின் சட்டப் போராட்டத்தைப் பற்றி வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியம் ஒன்றுதான். சித்திரை வெயில் தொடங்கும் நேரத்தில், சித்தாள் வேலைக்கும் மரம் வெட்டவும் போகிற குடும்பத்துப் பெண்கள், தங்கள் புருஷனின் உடலை இரண்டாம் முறை அறுக்கச் சொல்லிக் கேட்டார்கள். முழுசாகப் புதைக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்திருக்காதா? அதைவிடப் பெரிய ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. ‘நம்ம சனங்க போஸ்ட்மார்ட்டத்துக்கு ஒத்துக்க மாட்டாங்க’ என்று மருத்துவர்கள் சொல்கிறபோதெல்லாம் எனக்கு அந்த ஆறு உடல்கள் நினைவுக்கு வரும். சனங்கள் அறுப்பதை மறுப்பதில்லை. அறுத்துத் தெரிந்ததைத் தங்களிடம் சொல்லாத அறுப்பைத்தான் மறுக்கிறார்கள். கிரேக்கத்தில் ஆட்டாப்ஸி என்ற சொல்லுக்கே தன் கண்ணால் பார்ப்பது என்றுதான் பொருள். யார் கண் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது புதிதும் இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வகை செய்யும் 1983ஆம் ஆண்டுத் திருத்தம், வரதட்சணைச் சாவுகளுக்கு எதிராகப் பெண்கள் இயக்கம் தெருவில் இறங்கியதால் வந்தது. லாக்கப் சாவுகளின் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995இல் மாநிலங்களுக்கு எழுதியது. 2022 ஜூலையில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் ஒரு மாணவியின் பெற்றோர் மறுபரிசோதனை கேட்டார்கள். தங்கள் தரப்பு மருத்துவர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. இவை எல்லாமே நாம் போராடியவை அல்லது நாம் சேர்ந்து கோஷம் போட்டவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எப்போதும் போலீஸ் அறுப்பைச் சீர்திருத்தத்தான் போராடினோம். சாதாரணக் காய்ச்சலில், சாதாரண வார்டில், யாரும் கொல்லாமல் செத்துப்போன ஏழைக்கு அவன் எதனால் செத்தான் என்று சொல்லு என நாம் ஒரு தட்டிகூட எழுதியதில்லை.

மேலைநாடுகளில் இது குறைந்ததன் காரணங்கள் ஓரளவு தெளிவானவை. அமெரிக்காவில் 1940கள், 50களில் ஆஸ்பத்திரிச் சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. அங்கீகாரம் வேண்டுமானால் குறைந்தபட்சம் 20, 25 சதவீதம் செய்திருக்க வேண்டும் என்ற விதி எழுபதுகளின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. இன்று 5 சதவீதத்துக்கும் கீழே. பிரிட்டனில் சம்மதம் பெற்றுச் செய்வது ஒரு சதவீதம்கூட இல்லை. லிவர்பூலில் ஓர் ஆஸ்பத்திரி குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குச் சொல்லாமல் எடுத்து வைத்திருந்தது 1999இல் வெளியானதும், மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. 2004இல் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது. செலவை யார் தருவது என்ற பிரச்சினை, வழக்குப் பயம், நோய்க்கூற்றியல்காரர்களுக்கே பிணத்தைவிட பயாப்ஸித் துண்டில் ஆர்வம் என்று மற்றவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் ஸ்கேன் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போதே உள்ளே பார்த்துவிட்டோமே, செத்தபின் என்ன பார்க்க?

இந்தக் கடைசி வாதம் கேட்க நன்றாக இருக்கும். பாஸ்டனில் ஒரு போதனா மருத்துவமனையில் 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளின் பரிசோதனைகளை ஒப்பிட்டு 1983இல் வெளியிட்டார்கள். மூன்று காலத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, தெரிந்திருந்தால் சிகிச்சையே மாறியிருக்கக்கூடிய பெரிய நோய் ஒன்று கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருக்கிறது. இடையில் ஸ்கேன் வந்தும் அந்தப் பங்கு குறையவில்லை. அண்மைய உதாரணம் கொரோனா. 2020இல் ஹாம்பர்க்கில் முதல் 12 கொரோனாச் சாவுகளைத் திறந்து பார்த்தார்கள். ஏழு பேருக்குக் கால் நரம்பில் ரத்தம் உறைந்திருந்தது. நான்கு பேரின் சாவுக்கே நுரையீரலுக்குப் போய் அடைத்த அந்தக் கட்டிதான் காரணம். உயிரோடிருந்தபோது அதை யாரும் சந்தேகப்பட்டிருக்கவில்லை. நம் நாட்டில் அந்த வருஷம் மே மாதம் வந்த வழிகாட்டுதல், கொரோனா உடல்களை அறுக்காதீர்கள் என்றது. பிணவறைகளில் காற்றோட்டம்கூட இல்லாத நிலையில் ஊழியர்களின் உயிரை நினைத்தால் அதைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் அந்தப் பிணவறைகளை அப்படி வைத்திருந்தது யார்?

வழக்குப் பயம் இங்கேயும் உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதன்பின் தனியார் மருத்துவர்கள், அறுத்துப் பார்த்தால் நம் தப்பு வெளியே வரும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. தப்பு தெரிந்தால் கற்றுக்கொள்ளலாம் என்கிற இடம் ஆஸ்பத்திரிக்குள் இருந்தால்தான் ஒருவன் தன் தப்பைத் தேடுவான். சண்டிகர் பி.ஜி.ஐ.யில் செத்த நோயாளியின் கேஸை வைத்து மருத்துவர்கள் முதலில் தங்கள் கணிப்பைச் சொல்லிவிட்டு, பிறகு நோய்க்கூற்றியல்காரர் உடலில் கண்டதைச் சொல்லும் கூட்டம் பல காலமாக நடக்கிறது. பம்பாய் கே.இ.எம்.மிலும் இந்த மரபு உண்டு. பேராசிரியர் தப்பாகச் சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜனநாயகப் பயிற்சியாகவே அது எனக்குப் படுகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. ஏற்கெனவே நம் கையில் இருக்கிற இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

உடலே இல்லாமல் ஒரு பரிசோதனை தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. டாக்டர் கஜலட்சுமியின் குழு 1995–97இல் சென்னையில் 48,000 பேரின் சாவையும், 1997–98இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 32,000 பேரின் சாவையும் விசாரித்தது. விழுப்புரம் என்றால் எங்களுக்குக் கீழ்வீடு மாதிரி. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் செத்தவருக்கு என்ன செய்தது, எத்தனை நாள், எப்படி இருந்தது என்று கேட்டு எழுதினார்கள். மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தைக் கணித்தார்கள். காரணம் தெரியாது என்று போட்டிருந்த சாவுகளின் பங்கு கணிசமாகக் குறைந்தது. பீடியும் டி.பி.யும் சேர்ந்து நம் ஆண்களை எப்படிக் கொல்கின்றன என்பது அந்த விசாரணையிலிருந்துதான் 2003இல் உலகத்துக்குத் தெரிந்தது. இதே முறையில் நாடு முழுக்கச் செய்ததில், 2005இல் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 45,900 பேர் என்று கணக்கு வந்தது. அரசுக் கணக்கில் இருந்தது அதில் சிறு துண்டு. ஆஸ்பத்திரிக்கே வந்து சேராத சாவுகள் அவை. வாய்மொழிப் பரிசோதனைக்கு எல்லை உண்டு. எந்த உறுப்பில் எந்தக் கட்டி என்று பெண்டாட்டியால் சொல்ல முடியாது. ஆனால் செத்தவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொண்ட ஒரே மருத்துவம் இதுதான். வாய்மொழி வரலாறு பற்றி இவ்வளவு பேசுகிற நம் எழுத்தாளர்கள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பிரசவச் சாவுகளில் இன்னும் ஓரடி போயிருக்கிறோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் சாவும் விசாரிக்கப்படுகிறது. 2010இல் இந்திய அளவில் வகுத்த நெறிமுறைப்படி கலெக்டர் நடத்தும் ஆய்வில் இறந்தவளின் உறவினரும் உட்கார்ந்து பேச வேண்டும். நடைமுறையில் அந்தக் கூட்டத்தில் அந்த மனுஷன் எவ்வளவு பேச முடியும் என்பது வேறு விஷயம். ஆனாலும் நாற்காலி என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலியைக் காய்ச்சல் வார்டுக்கும், நெஞ்சுவலி வார்டுக்கும் ஏன் கொண்டுவர முடியாது?

உடலை முழுக்கத் திறக்காமல் ஊசி வழியாக நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் முறை இப்போது வந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் 2021 முதல் சி.டி. ஸ்கேன் வழியாகவே உடலைப் பார்க்கிறார்கள். முழுசாக வந்து சேர வேண்டும் என்கிற மனசுக்கு இவை தோது. ஆனால் கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்கேன் எடுத்த படமும் பழையபடி ஸ்டேஷனுக்கே போனால் என்ன பிரயோஜனம்?

போலீஸ் உடல் போகிற வாசலும் நோயில் செத்தவர் உடல் போகிற வாசலும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஒரே தகரக் கதவு வழியாகப் போகும்வரை “கேஸ் ஆயிடுச்சா?” என்ற கேள்வி போகாது. கேட்க வேண்டியவர் வார்டில் பார்த்த மருத்துவர். கேட்க வேண்டிய நேரம் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன். அன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும். செலவு ஆஸ்பத்திரியுடையது. பத்து நாள் கழித்து, கருமாதி முடிந்தபின், குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அறிக்கையைத் தமிழில் சொல்லி ஒரு நகல் கையில் கொடுக்க வேண்டும். ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்பது பதிலாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கத்தியைப் பிடிக்கிறவருக்கு அந்த வேலைக்கான பெயர், படிப்பு, சம்பளம், கையுறை; மருத்துவர் ஜன்னலண்டை நிற்காமல் மேஜைக்கு வர வேண்டும். இதெல்லாம் நடக்குமா என்றால், அந்த ஓய்வுபெற்ற ஊழியர் சிரித்தார். “மொதல்ல ரூம்புக்கு லைட்டு போடச் சொல்லு சார்.”

அக்கா வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் கழித்து அவருடைய தம்பியும் இறந்தார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதுவும் அறுக்காமல், முழுசாக வந்து சேர்ந்தது. இதயத் தசை தடித்துப்போகிற பரம்பரை நோய்கள் சில உண்டு. இதயத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும். அது அதுதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

அக்கா பையனுக்கு இப்போது முப்பது வயது. வருஷா வருஷம் வேலூருக்குப் போய் எக்கோ எடுத்துக்கொண்டு வருகிறான். போன முறை நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கேட்டார், “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” இவன், “மூச்சு நின்னு போச்சுங்க” என்றான். “ஏன்?” என்றார். தெரியாது என்றான். அவர் அதையே எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், போளூர் தாண்டினபின், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரில வேணாம்னு சொன்னது யாரு?”

நான்தான் என்றேன்.